ஆட்டின் உத்தரவு

விலங்குக் கொட்டகை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, வேலையை எப்படிச் செய்வது என்று உங்களுக்குச் சொல்லித்தர நான் இதை எழுதவில்லை. தீவனம் எவ்வளவு, தண்ணீர் எப்போது, ஊசி எந்த இடத்தில் என்பதையெல்லாம் உங்களுக்கு மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். செஞ்சியில் நான் வேலை பார்த்த காலத்தில் நடந்த ஒரு சங்கதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஓர் உயிரை வாங்கியே தீர வேண்டிய வேலை என்றைக்காவது உங்கள் கைக்கு வரும். அன்றைக்கு இது நினைவுக்கு வந்தால் போதும். அண்ணாமலையான் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

அறுபதுகளில் செஞ்சி கடைத்தெருவைத் தாண்டி, கோட்டைக்குப் போகிற வழியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்குவதற்கென்று கட்டிய பழைய கல் கிடங்கு ஒன்று இருந்தது. கிடங்குக்கு ஒரு கதவு மட்டும்தான், ஜன்னலே கிடையாது. வெளியூரிலிருந்து வந்த ஒரு டாக்டர் அதை வாடகைக்குப் பிடித்து ஆட்டுக் கொட்டகையாக மாற்றினார். மாட்டுக்கு ஊசி போடுகிற டாக்டர் அல்ல அவர், ஆராய்ச்சி டாக்டர். தன் பெயர் எங்கும் வருவதை அவர் விரும்பியதே இல்லை. அதனால் இங்கேயும் ஐயா என்றே சொல்கிறேன். ஜன்னல் இல்லாத கட்டடத்துக்கு ஏன் இத்தனை வாடகை என்று ஊரே சிரித்தது. ஜன்னல் இல்லாததற்காகத்தான் அவர் அந்த வாடகையைக் கொடுத்தார்.

அவர் தேடி வந்த பொருள் ஆட்டின் மூளைக்கு நடுவில், ஆழத்தில் இருக்கும். ஊறவைத்த துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சதைத்துணுக்கு. பினியல் சுரப்பி என்று பெயர். வெட்டிய தலையைத் திறந்து, அந்தத் துணுக்கு நசுங்காமல் எடுத்து ஐஸில் வைப்பது என் வேலை. கவுச்சி தொடாத வீட்டில் பிறந்தவன் நான். வேலை கிடைத்தபோது என் சம்சாரம் அழுதாள். தினமும் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதி பூசிய பிறகுதான் வீட்டு நிலைப்படியைத் தாண்டுவேன். அப்படியும் மனம் ஆறாது. ஒருநாள் ஐயாவிடமே கேட்டுவிட்டேன்.

"இத்தினிக்கூண்டு சதைக்காக ஒரு உசுர வாங்குறோமே, அதுல அப்படி இன்னாதான் இருக்குது ஐயா?"

அவர் கோபப்படவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"உங்க வீட்டுல பால் எப்படித் தயிராகுது, வேலு?"

"உறை ஊத்தினா ஆவுது."

"ஊத்தலன்னா?"

"பாலாவே கெடக்கும். அப்பால கெட்டுப்பூடும்."

"அந்த உறை மாதிரி நம்ம உடம்புக்குள்ள இருக்கறதுக்கு நொதின்னு பேர். இந்தச் சுரப்பி முழுக்கக் குட்டிக் குட்டி வீடுங்க இருக்கறதா வெச்சுக்க. அதைத்தான் செல்லுன்னு சொல்றோம். பொழுது சாஞ்சு கண்ணுல இருட்டு விழுந்ததும் ஒரு நரம்பு வந்து ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டும், 'இருட்டிடுச்சு, இருட்டிடுச்சு'ன்னு. தட்டுனவுடனே உள்ள இருக்கறவங்க உறையைத் தயார் பண்ணுவாங்க. உறை ஏற ஏற, சும்மாக் கிடந்த சரக்கு வேற சரக்கா மாறும். அது ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கப் போய் ஒரே ஒரு சேதி சொல்லும்."

"இன்னா சேதி?"

"ராத்திரி ஆயிடுச்சுன்னு."

"தண்டோரா மாதிரி."

"தண்டோராவேதான்!" என்று தொடையில் தட்டினார். "எந்த மாசம் குட்டி போடணும், எப்பத் தூங்கணும்னு ஆட்டுக்கு அந்தத் தண்டோராதான் சொல்லுதுன்னு நான் நினைக்கிறேன். அந்த உறை எப்ப ஏறுது, எப்ப இறங்குதுன்னு பாக்கத்தான் வந்திருக்கேன்."

"நடுவுல கண்ணுல வெளிச்சம் பட்டா?"

"கதவைத் தட்டறது நின்னுடும். உறை இறங்கிடும். தண்டோரா பாதியில நிக்கும்."

அவர் சொன்னது எனக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் படைத்தவன் ஒரு துவரம்பருப்புக்குள் இத்தனை வீடு கட்டி, வீட்டுக்கு வீடு கதவும் வைத்திருக்கிறானே என்று மயிர்க்கூச்செறிந்தது. அன்று முதல் அந்தத் துணுக்கை எடுக்கும்போதெல்லாம் வாய்க்குள் சிவ சிவ என்று சொல்லிக்கொள்வேன்.

உறை ஏறுவது ராத்திரியில். ஆனால் ராத்திரியில் ஐஸ் கிடைக்காது. திண்டிவனத்திலிருந்து மரத்தூளில் புதைத்து, சாக்கில் சுற்றிக் காலை பஸ்ஸில் வருவதுதான் எங்களுக்கு ஐஸ். ஆகவே ஐயா ராத்திரியையே பகலுக்கு மாற்றிவிட்டார். ஊருக்கு இரவாக இருக்கும்போது கிடங்கில் பல்புகள் எரியும். ஊருக்கு விடியும்போது பல்புகளை அணைத்துவிடுவோம். சில வாரங்கள் இப்படி வைத்தால் ஆடுகள் பழகிக்கொள்ளும். நமக்கு உச்சிவேளை அவற்றுக்கு நடுச்சாமம். கடைத்தெருவில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது.

"இன்னா வேலு, உங்க ஆடுங்க பகல்ல கனா காணுதாமே?" என்பார் எண்ணெய்க் கடைக்காரர். "எனுக்கும் ஒரு மூலையில எடம் குடேன். பொண்டாட்டி தொந்தரவு இல்லாம தூங்குறேன்."

அந்தப் பகல் ராத்திரியைக் காவல் காத்தவள் அலமேலு. வல்லம் பக்கத்துப் பெண், புருஷனை இழந்தவள். பல்பு போடுவதும் அணைப்பதும், இருட்டுக்குள்ளேயே தழை போட்டுத் தண்ணீர் வைப்பதும் அவள் வேலை. கதவுக்கு உட்புறம் இரண்டு கறுப்புக் கம்பளிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிட்டிருந்தோம். ஒரு கம்பளியை விலக்கி உள்ளே போய், அது மூடியதைக் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் அடுத்ததை விலக்குவாள். கோயில் கருவறைக்குள் போகிறவர்களிடம் இருக்கும் பயபக்தி அவளிடம் இருக்கும். ஊர் அவளுக்கு ராத்திரிக்காரி என்று பேர் வைத்தது. எண்ணெய்க் கடைக்காரர் என்னிடம் பேசுவதில் சிரிப்பு மட்டும்தான் இருக்கும். அவளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களின் சிரிப்பில் வேறு ஒன்றும் சேர்ந்திருந்தது. அவள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, குனிந்தபடி தெருவைக் கடந்துவிடுவாள்.

ஆடு வெட்டுகிறவர் ஏகாம்பரம். ராஜகிரி மலைமேல் இருக்கும் அம்மனுக்குத் திருவிழாவில் கிடா வெட்டுகிறவர். ஒரே வீச்சுதான், ஆடு நோகாது. அதற்காகவே ஐயா அவரைத் தேடிப் பிடித்தார். வெட்டும் நாளில் நடப்பது இதுதான். இருட்டிலிருந்து அலமேலு ஓர் ஆட்டின் கயிற்றை வெளியே நீட்டிவிட்டு உடனே கதவைச் சாத்திவிடுவாள். ஏகாம்பரம் கயிற்றை வாங்கி, கிடங்குக்குப் பின்னால் புங்க மரத்தடியில் வெட்டுவார். நாலு எட்டுத் தூரம். அந்தச் சிறிது நேர வெளிச்சம் ஒன்றும் செய்யாது என்பது ஐயாவின் எண்ணம். பக்கத்து அறையில் நானும் ஐயாவும் ஐஸோடு காத்திருப்போம். தலை எங்களிடம் வந்து சேரும். வெட்டைப் பார்க்க ஐயாவுக்குத் தாங்காது. அவர் வெளியே வரவே மாட்டார்.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அலமேலு பார்த்தது இருட்டை மட்டும். ஏகாம்பரம் பார்த்தது மரத்தடியை மட்டும். நாங்கள் பார்த்தது தலையை மட்டும். ஆடு வந்த வழி முழுவதையும் பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை.

சுரப்பியில் சேதி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? தலைப்பிரட்டைதான். கோட்டைக்குள் சக்கரக்குளத்தில் பிடித்து வருவேன். கறுப்புச் சட்டியில் விட்டால் அதுவும் கறுத்துப்போகும். சுரப்பியை அரைத்த சாற்றைத் தண்ணீரில் விட்டால், உள்ளே ராத்திரிச் சேதி இருந்தால், கொஞ்ச நேரத்தில் தலைப்பிரட்டை வெளுத்துவிடும். குடல்கூடக் கண்ணாடி போலத் தெரியும். நல்ல தண்ணீரில் மாற்றி விட்டால் மறுபடி கறுத்து நீந்தும். எங்கள் வேலையிலேயே உயிர் போகாத காரியம் அது ஒன்றுதான்.

எங்கள் தலைப்பிரட்டைகள் எங்களைக் கைவிட்டன. ஒரே கொட்டகை, ஒரே இருட்டு, ஒரே தழை. ஓர் ஆட்டின் சாற்றுக்குப் பளிச்சென்று வெளுக்கும். அடுத்த ஆட்டுக்குக் கரிக்கட்டை மாதிரி அப்படியே கிடக்கும். அடுத்த தடவையும் அப்படி. அதற்கடுத்த தடவையும் அப்படி. பட்டணத்தில் ஐயாவுக்கு மேலே இருந்தவர்கள் பொறுமை இழந்தார்கள். இன்னும் ஒருமுறை பாருங்கள், அதுவும் இப்படித்தான் என்றால் செஞ்சி வேலையை மூடிவிட்டு, தவறு யாருடையது என்று சொல்லுங்கள் என்றார்கள்.

அன்று மாலை ஐயா என்னைத் தனியே கூப்பிட்டார். முகம் இறுகியிருந்தது.

"சில ஆட்டுக்கு ராத்திரி முழுசா இருக்கு, சில ஆட்டுக்கு உடைஞ்சிருக்கு. இருட்டுல வெளிச்சம் புகுந்திருக்கு. வேற காரணமே இல்லை. அலமேலு பகல்ல கதவைத் திறக்கறாளா?"

"நான் பாத்ததில்ல ஐயா."

"பாக்காம இருந்திருக்கலாம். புழுக்கம் தாங்காம கொஞ்ச நேரம் திறந்திருப்பா. நான் அவளைத் திட்டப்போறதில்லை, வேற ஆளை வெச்சுக்கலாம். திறந்திருக்கலாம்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், விஷயம் முடிஞ்சுது."

அந்த ஒரு வார்த்தை எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். அது பொய்கூட அல்ல. 'இருக்கலாம்' என்பது பொய்யில் சேராது. சொல்லிவிட்டால் என் வேலை நிலைக்கும், ஐயாவின் ஆராய்ச்சியும் பிழைக்கும். என் வீட்டில் அப்போது கைக்குழந்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை அண்ணாமலையான்தான் தடுத்தான்.

"ஐயா, நீங்க வெளியூரு. இந்த ஊர்ல ஒரு பொம்பளையப் பத்தி 'கதவத் தொறந்தா'ன்னு சொன்னா, அந்தப் பேச்சு ஆட்டோட நிக்காது."

அவருக்குப் புரியவில்லை. "என்ன சொல்றே?"

"புருஷன் இல்லாதவ. பகல்ல இருட்டுக் கொட்டகையில தனியா இருக்கா. ராத்திரிக்காரின்னு பேர் வெச்சிருக்காங்க. பகல்ல கதவத் தொறந்துட்டான்னு அவள வேலைய விட்டு எடுத்தா, யாருக்குத் தொறந்தான்னு கேப்பாங்க ஐயா. அப்பால அவ இந்தத் தெருவுல நடக்க முடியாது."

ஐயா தன் கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் தலைப்பில் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"ஒரு ஆளைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஆடு நடக்கற வழியில நான் ஒரு தடவை நடந்து பாக்கணும் இல்லையா? நடக்கவே இல்லையே."

மறுநாள் உச்சிவேளையில் அவரும் நானும் கம்பளிகளை விலக்கி உள்ளே போனோம். அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. அலமேலு எங்கே நிற்கிறாள் என்பது குரலை வைத்துத்தான் தெரிந்தது.

"ஐயா, பாத்து. காலாண்ட ஆடு படுத்துருக்குது."

நாங்கள் ஆடுகளோடு ஆடுகளாகத் தரையில் உட்கார்ந்தோம். ஒரு கீற்றுக்கூட வெளிச்சம் இல்லை. எங்கிருந்தாவது ஊசிமுனை அளவு ஒளி தெரிகிறதா என்று சுவர் சுவராகப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஆடுகள் மெல்ல அசைபோடும் சத்தமும் மூச்சும்தான்.

"அலமேலு" என்றார் ஐயா இருட்டுக்குள்ளிருந்தே. "உன்னோட ராத்திரி முழுசா இருக்கும்மா."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இப்ப ஒரு ஆட்டைப் பிடி. கயித்தை நானே கொண்டு போறேன்."

கதவு திறந்ததும் உச்சி வெயில் கண்ணை அடித்தது. ஐயா கயிற்றை ஏகாம்பரத்திடம் கொடுத்துவிட்டு, அவர் பின்னாலேயே புங்க மரத்தடிக்குப் போனார். முதல்முறையாக அங்கே வருகிறார். ஏகாம்பரம் அரிவாளை எடுக்கவில்லை. சொம்பில் இருந்த மஞ்சள் தண்ணீரை ஆட்டின் முதுகில் தெளித்தார். இரண்டு கையையும் கூப்பி, மலையைப் பார்த்து நின்றார். ஆடும் நின்றது. நாங்களும் நின்றோம்.

"என்ன ஏகாம்பரம், ஏன் நிக்கறீங்க?"

"உத்தரவு குடுக்கணுங்களே."

"யாரு?"

"ஆடுதாங்க."

பிள்ளைகளே, உங்களில் பட்டணத்தில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அம்மனுக்குக் கிடா வெட்டும் முன் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு தலையோடு உடம்பையும் சிலுப்பி உதறினால், அது உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாத ஆட்டின் மேல் அரிவாள் விழாது. சில ஆடு தண்ணீர் பட்டவுடன் சிலுப்பும். சில ஆடு மனிதனின் பொறுமையைச் சோதிக்கும். ஆராய்ச்சி ஆட்டுக்கும் ஏகாம்பரம் இதைச் செய்வார் என்று நாங்கள் நினைக்கவில்லை. செய்யாமல் இருப்பார் என்று யாராவது நினைப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

அன்றைய ஆடு வெகுநேரம் சிலுப்பவில்லை. நிழல்கூட நகர்ந்தது மாதிரி எனக்குப் பட்டது. வெயிலில் கண்ணை விரித்தபடி நின்றது. ஐயா ஆட்டின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்ததை நான் கண்டேன். உடனே சிலுப்பிய ஆட்டின் ராத்திரி முழுசாக எங்களிடம் வந்தது. காத்திருந்த ஆட்டின் ராத்திரி, காத்திருந்த நேரத்திலேயே கலைந்தது. வெளிச்சம் பட்டால் அந்த உறை எத்தனை சீக்கிரம் இறங்கிவிடும் என்பதைப் பெரிய இடங்களில் பின்னால் கண்டுபிடித்துச் சொன்னார்களாம். எங்களுக்கு அதை முதலில் காட்டியது புங்க மரத்து வெயில்.

"தண்ணி தெளிக்க வேண்டாம் ஏகாம்பரம். வெளிய வந்தவுடனே வெட்டிடுங்க."

ஏகாம்பரம் கூப்பிய கையைக் கீழே விட்டார். "முடியாதுங்க."

"இது கோயில் இல்லையே. ஆராய்ச்சி."

"ஆட்டுக்கு அது தெரியுங்களா? நீங்க பகல ராத்திரி ஆக்குறீங்க, ராத்திரியப் பகலாக்குறீங்க. பிரம்மா வேலையெல்லாம் பாக்குறீங்க. நான் ஒண்ணும் கேக்கல. எனுக்கு இது ஒண்ணுதான். உத்தரவு குடுக்காத உசுர நான் வாங்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க."

அரிவாளைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்துவிட்டார். ஐயாவுக்கும் கோபம் வந்துவிட்டது. வேறு ஆள் என்றால் எங்கே போவது? கடை வியாபாரத்துக்கு வெட்டுகிற கைகள் உண்டு. ஆனால் ஏகாம்பரத்தின் வீச்சு, ஆடு அறியாமல் விழுகிற அந்த ஒரே வீச்சு, வேறு யாருக்கும் வராது. பயந்து துடித்த ஆட்டின் சுரப்பி உதவாது என்று ஐயாவே சொல்வார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அலமேலுவின் குரல் வந்தது. அவள் வெளியே வரவில்லை. "உள்ளயே உத்தரவு கேக்கலாமே, அண்ணே."

ஏகாம்பரம் திரும்பினார். "இருட்டுல சிலுப்புனா எனுக்கு எப்புட்றி தெரியும்? நானு இன்னா ஆந்தையா?"

"மணி கட்டுங்க. சிலுப்புனா அடிக்கும்."

ஏகாம்பரம் சாக்கைக் கீழே வைத்தார். "அம்மனுக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும். எனுக்குக் காது கேட்டாப் போதும்."

அப்படித்தான் கடைசி முறைக்குத் தயாரானோம். கிடங்குக் கதவிலிருந்து பக்கத்து அறை வரைக்கும் கறுப்புக் கம்பளியால் மூடிய வழி போட்டு, அந்த அறையின் சந்துகளையெல்லாம் சாக்கால் அடைத்தோம். பல்பில் சிவப்புக் காகிதம் சுற்றினோம். அந்த மங்கலான சிவப்பு ஆட்டை அவ்வளவாகக் கலைக்காது என்றார் ஐயா. இருட்டில் உத்தரவு, சிவப்பில் வெட்டு, அடுத்த மூச்சில் ஐஸ். இருந்தவை நான்கு ஆடுகள். நான்கும் ஒரே சொல்லைச் சொன்னால்தான் பட்டணத்தில் நம்புவார்கள். கலந்து சொன்னால், அலமேலு கதவைத் திறந்தாள் என்பதைத் தவிர அவர்களிடம் சொல்ல வேறு காரணம் எங்களிடம் இல்லை. அவளுக்கும் அது தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன். தன் பேரைப் பற்றி மற்றவர்கள் பேசுவதை அவள் மட்டும் அறியாமல் இருப்பது கொடுமை என்று எனக்குத் தோன்றியது.

வெட்டுக்கு வைத்த நாள் பிரதோஷம். விரதத்தோடு வந்திருந்தேன். நாலு பேரும் இருட்டில் நின்றோம். ஏகாம்பரம் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. உடனே மணி குலுங்கியது. ஆடு சிவப்பு அறைக்குப் போயிற்று. என் கை தன் வேலையைச் செய்தது. இரண்டாவது ஆட்டுக்குக் கொஞ்சம் காத்திருந்தோம், அதுவும் சிலுப்பியது. மூன்றாவது தண்ணீர் படும்போதே சிலுப்பிவிட்டது.

நான்காவது ஒரு செம்மறிச் சாயலுள்ள வெள்ளாடு, குட்டியாக வந்த நாளிலிருந்து அலமேலுவின் கையில் தழை தின்றது. தண்ணீர் விழுந்தது. மணி அடிக்கவில்லை. ஏகாம்பரம் இன்னொரு கை தெளித்தார். ஆடு அலமேலுவின் சேலையை முகர்வது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மணி அடிக்கவில்லை. எத்தனை நேரம் நின்றோம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. அந்த இருட்டில் நேரமே இல்லை.

"கயித்தை ஒரு தடவை ஆட்டிவிட்டா மணி அடிக்கும்" என்றேன். அப்படிச் சொன்னவன் நான்தான். அலமேலுவின் பேர் என் மனதில் நின்றது.

"ஆட்டாதீங்கண்ணா" என்றாள் அலமேலு. "எம் பேருக்காக அதுங்கிட்டப் பொய் உத்தரவு வாங்க வேணாம்."

ஐயா அப்போது எதை எண்ணினார் என்று எனக்குத் தெரியாது. மூன்று போதாது என்று அவருக்குத் தெரியும். ஏகாம்பரத்தை இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லலாம். நாள் முழுக்கக் காத்திருந்தால் எந்த ஆடும் ஒருமுறை சிலுப்பாமல் இருக்காது. அதை அவர் சொல்லவில்லை. பிறகு அவர் குரல் வந்தது.

"அலமேலு. லைட்டைப் போடும்மா."

அவள் தயங்கினாள். "ஐயா, போட்டா அப்பால இது..."

"தெரியும். போடு."

சுவிட்ச் சத்தம் கேட்டது. பல்புகள் எரிந்தன. நாங்கள் நாலு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஆடும் எங்களைப் பார்த்தது. அதன் ராத்திரி முடிந்துவிட்டது. இனி அதை வெட்டிப் பயனில்லை. ஏகாம்பரம் சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஐயாவைப் பார்த்துக் கைகூப்பினார். அம்மனைத் தவிர வேறு யாருக்கும் அவர் கைகூப்பி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அலமேலு ஆட்டைக் கொண்டுபோய்ப் புங்க மரத்தடியில் கட்டிவிட்டு வந்தாள்.

பிற்பகலில் மூன்று சட்டிகளில் மூன்று ஆட்டின் சாற்றையும் விட்டேன். வழக்கமாக அலமேலு அந்த அறைக்குள் வரமாட்டாள். அன்று ஐயாவே கூப்பிட்டு நிற்க வைத்தார். முதல் சட்டியில் தலைப்பிரட்டைகள் வெளுக்கத் தொடங்கின. இரண்டாவதிலும் வெளுத்தன. மூன்றாவது கொஞ்சம் தாமதித்தது. அலமேலு முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பிறகு அதுவும் மெல்ல மெல்ல, விடியற்கால வானம் மாதிரி வெளுத்தது. கறுப்புச் சட்டிக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூ மிதப்பது போல நீந்தின.

"மூணும் ஒரே சொல்" என்றார் ஐயா. "நாலாவது ஏன் இல்லைன்னு பட்டணத்துல கேப்பாங்க. உத்தரவு குடுக்கலன்னு சொல்லிடறேன். சிரிச்சா சிரிக்கட்டும்."

அலமேலு சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் காத்த ராத்திரி இப்டியா இருக்குது" என்றாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே புங்க மரத்தடியிலிருந்து மணி அடித்தது. கணீரென்று, நன்றாகக் குலுங்கி, அறைக்குள் தெளிவாகக் கேட்டது. ஏகாம்பரம் வாசலில் தலையை நீட்டினார்.

"ஐயா, உத்தரவு குடுத்துட்டுதுங்களே!"

அலமேலுதான் சொன்னாள்.

"அது குடுக்கலண்ணே. நம்மகிட்ட உத்தரவு கேக்குது. பொறப்படுறதுக்கு."

ஐயா என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் விருந்தாளி கிளம்பும்போது 'உத்தரவு குடுங்க' என்பார்கள் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "குடுத்தாச்சுன்னு சொல்லும்மா" என்றார்.

பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. அலமேலு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். பின்பக்கத்துச் சந்து வழியாகப் போயிருக்கலாம், முடிந்தவரை அப்படித்தான் போவாள். அன்று கடைத்தெரு வழியாகப் போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். எண்ணெய்க் கடைக்காரர் ஏதோ கேட்டார். அவள் நின்று, நிமிர்ந்து பதில் சொல்லிவிட்டு நடந்தாள். முந்தானை தலையில் இல்லை. நல்ல வெயில். அந்த மணிச் சத்தம் தெருக்கோடி திரும்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.